பதினேழாவது கணக்கு

பள்ளிக்கரணை. பதினோராம் வகுப்பு, ஆ பிரிவு.
மதியம் இரண்டு பத்து.
மின்விசிறி நின்று முக்கால் மணி நேரம்.
மேசை விளிம்பில் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள்.
ஒன்றைச் சும்மா விழவிட்டு
இன்னொன்றை அதே நொடியில் சுண்டினால்
எது முதலில் தரையைத் தொடும் என்றேன்.

"சுண்டுனதுதான் லேட்டு மிஸ்,
தூரமாப் போகுதில்ல?" என்றான் தன்ராஜ்.
வகுப்பே தன்ராஜ் பக்கம்.
பந்தயமாக ஒரு சமோசா வைக்கப்பட்டது.

சுண்டினேன்.
குனிந்து பார்த்தவர்கள்
ஆளுக்கொரு தீர்ப்போடு நிமிர்ந்தார்கள்.
கண்ணாடி உடைந்து ஒரு வாரமாகக்
கரும்பலகையைக் காதால் படித்துவரும் ஆசிக் மட்டும்
உட்கார்ந்தபடி சொன்னான்:
"ஒரே சத்தம்தான் மிஸ் கேட்டுச்சு."

மறுபடி. மறுபடி.
ஆறாம் முறை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.
டக்.
ஒன்று என் காலடியில் கிடந்தது.
மற்றது உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது.
பக்கவாட்டில் நடப்பது எதுவும்
கீழே விழுவதற்குத் தெரியாது
என்று எழுதிப்போட்டேன்.
சமோசா ஆசிக்குக்குக் கிடைக்கவில்லை.
தீர்ப்பு வருவதற்குள் தன்ராஜ் அதில் பாதி தின்றிருந்தான்.

பிறகு, காற்றுத்தடையைப் புறக்கணிக்க, என்றேன்.
ஜன்னல் வழியே குப்பைமேட்டுக் காற்று
அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தது.
"எப்படி மிஸ் புறக்கணிக்கிறது?"
மூக்கைப் பொத்திய குரல்.
பரீட்சைக்கு மட்டும், என்றேன்.

அப்புறம்தான் பதினேழாவது கணக்கு.
ஆற்றின் வேகம் நொடிக்கு மூன்று மீட்டர்.
படகின் வேகம் நான்கு.
எதிர்க்கரையை நோக்கி நேராகச் செலுத்தப்படும் படகு...

"எந்த ஆறு மிஸ்?"
வருடாவருடம் வருகிற கேள்வி.
"கூவம்" என்று ஒருவன்.
"கூவத்தோட வேகம் பூஜ்ஜியம், கணக்கு முடிஞ்சுது"
என்று இன்னொருவன்.
நானும் சிரித்தேன்.
பதினொரு வருடமாக இந்தப் படகை
சாக்பீஸால்தான் ஓட்டுகிறேன்.
எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

மூன்றாம் பெஞ்சில் யாழரசி எழுந்தாள்.
ஜூனிலிருந்து அவளிடம் நான் கேட்ட ஒரே சொல்
உள்ளேன்.

"எங்க தெருவுல மிஸ்.
முந்தின வருஷம் டிசம்பர்ல.
ஏரித் தண்ணி குறுக்கால ஓடிச்சு.
கொட்டிவாக்கத்து ஆளுங்க போட் கொண்டாந்தாங்க.
நேர் எதிர்ல கிளினிக். அதைப் பாத்துதான் தள்ளுனாங்க.
போய் நின்னது ரேஷன் கடை."

எவ்வளவு தள்ளி, என்றேன்.
கேட்டிருக்க வேண்டாமோ.
யோசித்தாள்.
"ஏழு வீடு."

முன்னால் வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டாள்.
வீட்டிலிருந்து கிளினிக்குக்கு ஓர் அம்பு.
கிளினிக்கிலிருந்து ரேஷன் கடைக்கு ஓர் அம்பு.
படகு உண்மையில் போன சாய்கோட்டை
வரையும்போது கை பாதியில் நின்றது.
"ரெண்டாவது ட்ரிப்புல அந்த அண்ணன்
கிளினிக்கப் பாக்கவே இல்ல மிஸ்.
மேக்கால தள்ளி, தண்ணித் தொட்டியப் பாத்து விட்டாரு.
கரெக்டா கிளினிக் வாசல்."

அது பதினெட்டாவது கணக்கு.
நாளைக்கு நடத்துவதாக இருந்தேன்.

என்ன கோணம் என்று ஆசிக் கேட்டான்.
அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்.
தெருவின் அகலம் வேண்டும், தண்ணீரின் வேகம் வேண்டும்.
"நீல டிரம் ஒண்ணு மிதந்து போச்சு," என்றாள்.
"ஏழு வீட்ட எவ்ளோ நேரத்துல தாண்டுச்சுன்னு
நான் எண்ணல மிஸ். எங்க அண்ணி கத்திட்டு இருந்தாங்க.
நிறைமாசம்."

தன்ராஜ்தான் கேட்டான்,
வாயோரம் சமோசாத் தூளோடு:
"அண்ணி மொத ட்ரிப்பா, ரெண்டாவதா?"

"மொதலு."

ரேஷன் கடையிலிருந்து காம்பவுண்டுச் சுவர்களைப் பிடித்துக்கொண்டு
ஏழு வீடும் எதிர்நீரில் திரும்ப நடந்தார்களாம்.
அந்த அம்பை அவள் வரையவில்லை.
"பாப்பா இப்ப நல்லா ஓடுது மிஸ்,"
சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த பீரியட் வணிகவியல்.
பலகையின் ஓரத்தில் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதினேன்.
பிறகு மண்டியிட்டு
பீரோவுக்கு அடியில் ஸ்கேலை விட்டுத் துழாவினேன்.
இன்னும் எட்டவில்லை.